விட்டுப்போகாத துணை



ஆண்டுதோறும் பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வேண்டுகோள் எழுவது வழக்கம். உயர்பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் மகனோ மகளோ பெற்றோரிடம் வந்து, “நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து தாய்நாட்டில் உள்ள ஓர் அநாதை இல்லத்துக்கு நிதி திரட்டுகிறோம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அங்கே சில நாள் தொண்டு செய்யவும் எண்ணுகிறோம்” என்று சொல்வர். கேட்ட அளவிலே பெற்றோர் உள்ளம் குளிரும். அயல் மண்ணிலே பிறந்து வளர்ந்த பிள்ளை, தான் காணாத ஊரில் வாடும் ஒரு குழந்தையை நினைத்தானே என்று தந்தை பெருமிதம் கொள்வார். “படிப்புக்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்” என்று தாய் எச்சரிப்பார். பிறகு பணப்பை திறக்கும். ஒரு தொகை கைமாறும். அத்துடன் பேச்சு முடியும்.

அங்கே முடிந்துவிடலாகாது என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது. பிள்ளைகளின் இரக்கம் உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆயின் இரக்கத்துக்கு வழிகாட்ட வேண்டியவர் பெரியவர். எந்த இல்லம், எத்தகைய உதவி, எத்தனை காலம் என்னும் மூன்றையும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து ஆராய்ந்தால், திரட்டும் ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வொரு ரூபாயும் பயன் தரும். ஆராயாது கொடுத்தால், நாம் நன்மை செய்ய நினைத்த அதே குழந்தைக்குத் தீமையும் விளையக்கூடும். எவ்வாறு என்பதைக் காண்போம்.

முதலில் அநாதை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தாய் தந்தை இல்லாத பிள்ளை என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். சொல்லின் வேர் அதனினும் விரிந்தது. நாதன் என்றால் காப்பவன். காப்பார் இல்லாதவர் எவரோ அவரே அநாதை. தமிழிலும் தெலுங்கிலும் இச்சொல் ஒரே பொருளில் வழங்குகிறது. பெற்றோர் இருவரையும் இழந்தும் பாட்டியின் மடியில் வளரும் பிள்ளைக்குக் காப்பு உண்டு. தாய் உயிரோடிருந்தும், அவள் கூலிக்குப் போன இடத்திலிருந்து திரும்ப முடியாத நிலையில், தெருவில் நிற்கும் பிள்ளைக்குக் காப்பு இல்லை. ஆகவே இப்பிள்ளைகளுக்கு முதன்மையாகத் தேவைப்படுவது விட்டுப்போகாத ஒரு துணை. சோறும் துணியும் அந்தத் துணையின் கைவழியே வரவேண்டியவை.

இதனை ஓர் ஊரை முன்வைத்து எண்ணிப் பார்ப்போம். ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்திலே, சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் வெதுருகுப்பம் என்னும் ஊர் உளது. வெதுரு என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும்; குப்பம் என்பது நமக்கும் அவர்களுக்கும் பொதுவான சொல். ஊர்ப் பெயரிலேயே இரு மொழிகளும் கைகோத்து நிற்கின்றன. அப்பகுதியின் வரலாறும் அத்தகையதே. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் தனியே அமையும் வரையில், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர் நகரமே. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இருபுறமும் வாழ்ந்தே வருகின்றன.

சித்தூர் மாவட்டத்து நாட்டுப்புறம் நிலக்கடலைக்கும் கரும்புக்கும் மாம்பழத்துக்கும் பெயர் பெற்றது. மழை பொய்த்தால் கடலை பொய்க்கும். விலை சரிந்தால் மாம்பழம் மரத்தடியிலேயே கிடக்கும். அப்பொழுது ஆடவரும் பெண்டிரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூலி வேலை தேடிப் புறப்படுவர். அந்நிலையில் இத்தகைய சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தை உள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள். தந்தை விபத்தில் இறந்தார். தாய்க்கு நிலமில்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 11 வயது, கடைக்குட்டிக்கு நான்கு. எவரோ ஒருவர் வந்து, “நகரத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, இலவசச் சோறு, இலவசப் படிப்பு, ஆங்கிலமும் சொல்லித்தருவார்கள்” என்கிறார். தாய் அழுதுகொண்டே இரண்டு பிள்ளைகளை அனுப்பிவிடுகிறாள். அன்றுமுதல் அவ்விருவரும் நம் கணக்கில் அநாதைகள். தாயோ ஊரில் உயிரோடிருக்கிறாள்!

இது நம் கற்பனையில் எழுந்த குடும்பம். ஆயினும் உலகெங்கும் காணப்படும் உண்மை இதுவே. குழந்தைகள் நலம் பேணும் ‘சேவ் த சில்ட்ரன்’ என்னும் அனைத்துலக அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கையொன்று, இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் ஐவரில் நால்வருக்கேனும் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடிருக்கின்றனர் எனக் கூறிற்று. பெரும்பாலான பிள்ளைகளை இல்லத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வறுமையேயாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், நம் பிள்ளைகள் திரட்டும் நிதி எங்கே போய்ச் சேரவேண்டும் என்னும் கேள்விக்கு விடை தெளிவாகத் தொடங்கும்.

அவ்வாறாயின் இல்லங்களே வேண்டாவோ என்று நீங்கள் வினவலாம். வேண்டும். உற்றார் உறவினர் எவருமே இல்லாத பிள்ளைக்கும், வீட்டிலேயே கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும் இல்லமே அடைக்கலம். நம் நாட்டில் நல்ல இல்லங்கள் எழுந்த வரலாறும் பெருமைக்குரியது. திருப்பதியிலே திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1943இல் ஸ்ரீ வேங்கடேசுவர பாலமந்திரத்தைத் தோற்றுவித்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அங்கே அளிக்கப்பட்டு வருகின்றன. மலையேறி வணங்கிவரும் அடியார் பலர், மலையடிவாரத்தில் இப்படியும் ஒரு பணி நடைபெறுவதை அறியார்.

சென்னை மயிலாப்பூரிலே இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால் 1905 பிப்ரவரியில் ஒரு மாணவர் இல்லம் தொடங்கிற்று. வாடகை வீடு, ஏழே பையன்கள். அதனைத் தாங்கி நின்றோர் சி. இராமசாமி ஐயங்கார், சி. இராமானுஜாச்சாரி என்னும் இரு உறவினர். இருவரும் துறவியர் அல்லர், இல்லறத்தார். மாதந்தோறும் அடுப்பெரிய வேண்டுமே! ஊராரிடம் கேட்டனர், நாடகங்கள் நடத்தி நிதி சேர்த்தனர். 1921இல் இல்லத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது. நூறாண்டு கடந்தும் அவ்வில்லம் ஏழை மாணவர்க்கு உறைவிடமாக விளங்குகிறது. இன்று நம் பிள்ளைகள் கலை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுகிறார்கள் அல்லவா? அதற்கு முன்னோடி மயிலாப்பூரிலே இருக்கிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அவ்விருவரும் ஒரு நாடகத்தோடு ஓய்ந்துவிடவில்லை. தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வில்லத்துக்கே ஈந்தனர்.

அதே சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். போக்கிடம் இன்றித் தம் வீட்டு வாயிலுக்கு வந்த சிறுமியரைத் திருப்பி அனுப்ப மனமின்றி, தம் வீட்டையே அவர்களுக்குப் புகலிடமாக்கிய செயல் அது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரிலே ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்குத் தாயாக நின்றார். ஈழத்திலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயத்தை அடுத்து, ஏழைப் பிள்ளைகள் தங்கிக் கற்கச் சுவாமி விபுலானந்தர் வழிசெய்தார். மலேசியாவிலே சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம், போருக்குப் பின் ஆதரவிழந்த பிள்ளைகளுக்கு வீடாயிற்று. சமயம் வேறு, நாடு வேறு. ஆயின் இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பண்பு பொதுவாக உளது. ஒரு பிள்ளையைக் கைப்பிடித்தவர், அப்பிள்ளை தன் காலில் நிற்கும் வரையில் அக்கையை விடவில்லை.

மாணவர் தொண்டுக்கும் நம் நாட்டில் நல்ல மரபு உண்டு. காந்தியடிகள் நூற்றாண்டு விழாக் காலத்திலே, 1969 செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்யவேண்டும். ஏழு நாள் சிற்றூரில் தங்கும் முகாமும் உண்டு. 2006ஆம் ஆண்டு கொச்சியில் இளைஞர் சிலர் ‘மேக் எ டிஃபரன்ஸ்’ என்னும் அமைப்பையும், சென்னையில் நண்பர் சிலர் ‘பூமி’ என்னும் அமைப்பையும் தொடங்கினர். கல்லூரி மாணவரும் பணிக்குச் செல்லும் இளைஞரும் குழந்தைகள் இல்லங்களுக்குச் சென்று ஆங்கிலமும் கணக்கும் கற்பிப்பது இவ்விரண்டின் தொடக்கப் பணி. இங்கே பரிசுப் பொட்டலத்தைவிடப் பெரிதாக மதிக்கப்படுவது நேரம் தவறாமை. வருகிறேன் என்று சொன்ன நாளில் ஆசிரியர் வந்தாரா என்பதே பிள்ளைக்கு முதற்பாடம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நாடெங்கும் காணக்கிடைக்கிறது. பிறந்தநாள் கொண்டாட ஒரு குடும்பம் இல்லத்துக்குச் செல்கிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். இனிப்பும் பிரியாணியும் வழங்கப்படுகின்றன. புகைப்படம் எடுக்கப்படுகிறது. மாலையில் வண்டி புறப்பட்டுவிடுகிறது. அடுத்த ஞாயிறு வேறொரு குடும்பம். மீண்டும் அதே வரிசை, அதே பாட்டு. கொடுத்தவர் உள்ளம் நிறைந்து திரும்புகிறார். பெற்ற பிள்ளையோ, தன் நிலையைக் காட்டியே தான் உண்ணவேண்டும் என்னும் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. நம் வீட்டுக் குழந்தை அறிமுகம் இல்லாதவர் மடியில் சென்று அமர்ந்தால் நாம் அஞ்சுவோம். இல்லத்துக் குழந்தை அவ்வாறு ஓடிவந்து கட்டிக்கொண்டால், என்ன அன்பு என்று மகிழ்கிறோம். அது எவரிடமும் வேரூன்ற இயலாமல் அலையும் ஏக்கத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு எனக் கருதற்க. ருமேனிய நாட்டுத் தலைநகரான புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் சிலர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அரசு இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மறு பாதியினர்க்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, குடும்பத்தில் வளர்ந்தோர் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு உறவு கொள்ளும் திறத்திலும் மேம்பட்டு நின்றனர். அதிலும் இரண்டு வயதுக்கு முன்னரே குடும்பம் கிடைத்தோர் பெற்ற பயன் பெரிது. மாறாத ஒரு முகம், பழகிய ஒரு குரல், இரவில் அழுதால் வந்து தூக்கும் அதே கை ஆகியவை குழந்தைக்கு உணவை ஒத்த இன்றியமையாமை உடையன என்பதை இவ்வாய்வு புலப்படுத்திற்று.

இனி, நன்கொடையே தீமைக்கு வித்தாகும் இடத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. மாமல்லபுரத்தைச் சார்ந்த சில அநாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக எழுந்த ஒரு கட்டுரையைத் தொடர்ந்து, 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டு இல்லங்களின் பெயரிலேயே வழங்கும் அவ்வழக்கில் 2017 மே 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் பதிவு பெறவேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்படவேண்டும், கூடுமானவரை பிள்ளைகளைக் குடும்பச் சூழலுக்கே திருப்ப முயலவேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்திற்று.

அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் மாணவரும் திரளாகச் சென்ற கம்போடியாவில், 2005க்கும் 2010க்கும் இடையே இல்லங்களின் தொகை ஏறத்தாழ 75 விழுக்காடு உயர்ந்ததை யுனிசெப் எடுத்துக்காட்டிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த ஐந்தாண்டில் அவ்வளவு பெருகிவிட்டனரோ? இல்லை. பெருகியது காண வருவோர் கூட்டமும் அவர்கள் கொண்டுவந்த பணமும். இல்லத்தை நிரப்பப் பிள்ளைகள் வேண்டியிருந்தனர். ஏழைத் தாய்மார் வீட்டு வாயிலில் தரகர் வந்து நின்றனர். இவ்வாறு நன்கொடைக்காகக் குழந்தைகளைச் சேர்ப்பதும் ஒருவகை ஆட்கடத்தலே என்பதை ஆஸ்திரேலியா 2018ஆம் ஆண்டு தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி ஒப்புக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவையும் குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில் இவ்வபாயத்தைச் சுட்டிக்காட்டிற்று.

இவற்றைச் சொல்வது உங்கள் பிள்ளைகளின் ஊக்கத்தைக் குலைப்பதற்கன்று. அவ்வூக்கத்தை நல்ல வயலில் விதைப்பதற்கே. பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன்படத் தக்க சில குறிப்புகளை இனிக் கூறுவோம்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலிற் கேட்கவேண்டியது பதிவுச் சான்று. இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி குழந்தைகள் இல்லம் எதுவாயினும் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். பதிவின்றி நடத்துவோர்க்குச் சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை பெற்றே இல்லத்தில் வாழவேண்டும். “எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் நலக்குழு ஆணை இருக்கிறது, விடுமுறையில் தாயையும் பாட்டியையும் காண அனுப்புகிறோம், இவ்வாண்டு இத்தனை பேரைக் குடும்பத்தோடு சேர்த்தோம்” என்று சொல்லும் இல்லத்தை நம்பலாம். எவர் வந்தாலும் கதவைத் திறந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆடவிடும் இல்லத்தை ஐயுறலாம். கதவு எளிதில் திறவாத இல்லம் பெரும்பாலும் பிள்ளைகளைக் காக்கும் இல்லம்.

இரண்டாவது, புகைப்படம். பாதுகாப்பில் உள்ள குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ செய்தித்தாளில் வெளியிட்டு அடையாளம் காட்டுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நாகரிகமும் அதையே கூறும். பத்தாண்டு கழித்து அப்பெண் ஓர் அலுவலகத்தில் பணிபுரியும்போது, தான் தட்டேந்தி நின்ற படம் கைதோறும் உலவுவதை விரும்புவாளோ? நிதி திரட்டும் அறிக்கையில் குழந்தையின் முகம் வேண்டா. இல்லத்தின் பணியும் செலவுக் கணக்கும் போதும்.

மூன்றாவது, நிதி திரட்டும் முறை. அப்பாவின் நண்பர்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எளிது. ஆயின் அதில் மாணவர் கற்பது குறைவு. பழைய நூல்களைச் சேர்த்து விற்கட்டும், பொங்கல் விழாவில் சிற்றுண்டிக் கடை வைக்கட்டும், சிறுவர்க்குத் தமிழ் வகுப்பு எடுத்துக் கிடைக்கும் கட்டணத்தைச் சேர்க்கட்டும், நாடகம் நடத்தட்டும். வரவும் செலவும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதப்படட்டும். இருவர் கையொப்பமின்றிப் பணம் வெளியே போகலாகாது. முடிவில் கணக்கைக் கொடுத்தவர் அனைவர்க்கும் காட்டவேண்டும். பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் 16 வயதில் படிந்தால், அது வாழ்நாள் முழுவதும் அழியாது.

நான்காவது, அனுப்பும் வழி. இதில் நம்மனோர் பலர் இடறுவர். அயல்நாட்டிலிருந்து ஒரு சங்கத்தின் பெயராலோ, அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றோர் பெயராலோ இந்திய இல்லத்துக்குச் செல்லும் பணம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்கீழ் வரும். அச்சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனமே அதனைப் பெறலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் அந்நிறுவனம் வைத்துள்ள கணக்குக்கே பணம் செல்லவேண்டும். இந்தியக் குடியுரிமை உடையவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது இக்கட்டுப்பாட்டில் அடங்காது. ஊருக்குப் போகிறவர் கையில் பணத்தைக் கொடுத்தனுப்புவதும், இல்லத் தலைவரின் சொந்தக் கணக்கில் சேர்ப்பதும் இருசாராரையும் இடரில் வீழ்த்தும்.

ஐந்தாவதும் தலையாயதுமானது, எதற்குக் கொடுப்பது என்பது. இல்லத்தாரையே கேளுங்கள். அரிசி மூட்டைகள் பல வீடுகளிலிருந்தும் வரும். பண்டிகை நாளில் புத்தாடை மிகுதியாகவே சேரும். பராமரிக்கும் அம்மையாரின் மாதச் சம்பளத்தை ஏற்க எவரும் முன்வருவதில்லை. சம்பளம் போதாமையால் அவர் ஆண்டுக்கொருவராக மாறினால், பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு தாயை இழக்கிறார்கள். கண்ணாடி, பல் வைத்தியம், பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கணக்குக்கு ஒரு தனி ஆசிரியர் என்னும் சிறு செலவுகளும் அத்தகையனவே. பத்து மாணவர் கூடி மாதந்தோறும் ஒரு சிறு தொகையை மூன்றாண்டு விடாது அனுப்பினால், ஒரே நாளில் கொட்டிய பெருந்தொகையினும் அது மேலானது. சிறு துளி பெருவெள்ளம் என்பர். துளி விடாது விழவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இன்னும் ஒன்று. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 18 வயது நிறைந்த நாள் மகிழ்ச்சியான பிறந்தநாளன்று. அன்று தலைக்குமேல் இருந்த கூரை கேள்விக்குறியாகிறது. 21 வயது வரை பின்தொடர் பராமரிப்புக்குச் சட்டத்தில் வழியுண்டு. ஆயினும் நன்கொடையாளர் கண்ணில் படுவது சிறு குழந்தைகளே. மீசை அரும்பிய இளைஞனுக்கும், செவிலியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் பெண்ணுக்கும் விடுதிக் கட்டணம் தர முன்வருவோர் அரியர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அவர்கள் ஒத்த வயதினர் அல்லரோ? விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்கு ஆயத்தம் செய்யவும் கடல் கடந்திருந்தபடியே வாரம் ஒரு மணி நேரம் இல்லத்தின் மேற்பார்வையில் உதவலாம்.

விடுமுறையில் நேரே செல்ல விரும்பும் மாணவர், குழந்தைகளோடு பத்து நாள் விளையாடிப் பிரிவதைக் காட்டிலும், கட்டடத்துக்கு வண்ணம் பூசுதல், நூலகத்தை ஒழுங்குபடுத்தல், கணிப்பொறியில் கணக்கு ஏற்றுதல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல் முதலியவற்றை மேற்கொள்ளலாம். திரும்பி வந்தபின் தொடரத் தக்க பணியை மட்டும் தொடங்கவேண்டும். “மறுபடி வருவேன்” என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டால், அது ஒரு பத்திரத்தில் இட்ட கையெழுத்துக்கு நிகர்.

மீண்டும் அந்தத் தாயிடம் வருவோம். வெதுருகுப்பம் போன்ற ஊரில் கணவனை இழந்து நிற்கும் அவளுக்கு, இல்லத்தின் முகவரியைத் தருவதற்கு முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. நடுவண் அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தாய் கைம்பெண்ணான குடும்பம் முதலியவற்றில் பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வழங்க இடமுண்டு. நாட்டுப்புறக் குடும்பமாயின் ஆண்டு வருவாய் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. இதனைப் பெற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கவேண்டும். இறப்புச் சான்றும் வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். எழுத்தறியாத தாய்க்கு இத்தாள்கள் மலைபோல் நிற்கும். ஊரில் உள்ள நம் உறவினர் ஒருவர் அவளோடு இரண்டு நாள் அலைந்து விண்ணப்பத்தை முடித்துக்கொடுத்தால், இரு பிள்ளைகள் தாயின் வீட்டிலேயே, தம் தெருவிலேயே, தம் மொழியிலேயே வளர்வர். இடரில் உள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம் என்பதையும் ஊரில் உள்ளோர்க்கு எடுத்துரைப்போம்.

நம்முள் பலரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களே. மொழியும் உறவும் தூரமாகிப்போனால் உள்ளம் எவ்வாறு வாடும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. நாம் விரும்பி வந்தோம், கூட்டமாய் வந்தோம், சங்கம் அமைத்துக்கொண்டோம். ஐந்து வயதுக் குழந்தையோ தனியே, தான் விரும்பாமலே, தன் ஊரை விட்டுப் பெயர்க்கப்படுகிறது. அதன் துயரை உணரத் தகுதியுடையோர் நம்மினும் எவர்?

ஆகையால் பெற்றோரே, அடுத்த முறை உங்கள் மகள் நிதித் தாளோடு வந்து நிற்கும்போது பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த இல்லம் அம்மா, பதிவு உண்டா, அப்பிள்ளைகளின் தாய்மார் எங்கே, எத்தனை ஆண்டு அனுப்பப்போகிறீர்கள் என்று கேளுங்கள். விடை தெரியவில்லையாயின், இருவருமாகத் தேடுங்கள். அந்த ஒரு மாலை நேர உரையாடலே உங்கள் நன்கொடையின் முதல் தவணையாகட்டும்.